கண்ணில் கட்டி: எங்கே துண்டு எடுக்க வேண்டும், எங்கே தொடவே கூடாது

‘கண்கட்டி’ என்றால் நம் ஊரில் இமை ஓரத்தில் சிவந்து வீங்கி, நாலைந்து நாளில் உடைந்து போகும் சீழ்க்கட்டிதான் நினைவுக்கு வரும். அது பெரிய விஷயமில்லை. இங்கே பேசப்போவது உடையாத கட்டிகளைப் பற்றி. இமையிலும், வெள்ளைவிழியின் மேலும், விழிக்குள்ளேயும், விழிக்குப் பின்னால் எலும்புக்குழியிலும் வளரும் கட்டிகள். இவற்றில் பாதிக்கு மேல் புற்றே அல்ல. புற்றாக இருப்பவையும் நேரத்தோடு பிடித்தால் பெரும்பாலும் குணமாகக்கூடியவைதான்.

காரியம் கெடுவது பெரும்பாலும் முதல் கத்தியில். உடம்பில் வேறெங்கு கட்டி வந்தாலும் ஊசி போட்டோ, சிறு துண்டு வெட்டியோ பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கம். கண்ணில் அந்த விதி இடத்துக்கு இடம் மாறும். குழந்தையின் கண்ணுக்குள் இருக்கும் கட்டியில் ஊசி நுழைந்தால், அதுவரை விழிக்குள் அடைபட்டிருந்த புற்றுக்கு வெளியே வழி திறந்துவிட்டதாக அர்த்தம். பெரியவரின் இமைக்கட்டியில் நேர் எதிர்: துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பாமல் குப்பையில் போட்டால், புற்று ஒன்றிரண்டு வருடம் கொழுப்புக்கட்டி என்ற பெயரில் வளர்ந்துகொண்டிருக்கும். எந்தக் கட்டி எந்த வகை என்பதைத் தெரிந்துகொள்வதே பாதி சிகிச்சை.

குழந்தையின் கண்மணியில் வெள்ளை

கருவிழியின் நடுவில் கறுப்பாகத் தெரியும் வட்டம்தான் கண்மணி. அதில் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ ஒரு பளபளப்பு, இருட்டில் பூனைக்கண் மின்னுவதுபோலத் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்று. சுமார் 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு வருகிறது. கிட்டத்தட்ட எல்லாமே 5 வயதுக்குள். இரண்டு கண்ணிலும் வந்தால் ஒரு வயதை ஒட்டியும், ஒரு கண்ணில் மட்டும் வந்தால் இரண்டு வயதை ஒட்டியும் தெரியவரும். குழந்தைக்கு வலிக்காது, அழாது, விளையாடிக்கொண்டே இருக்கும். ஒரு கண் பார்வை போனதே யாருக்கும் தெரியாது.

இரண்டாவது அடையாளம் மாறுகண். ‘மாறுகண் அதிர்ஷ்டம்’ என்று சொல்லி விட்டுவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 4 மாதத்துக்குப் பிறகும் கண் ஒருபக்கமாகவே ஒதுங்கி நின்றால், கண்ணாடிக் கடையில் காட்டிப் பயனில்லை. கண்மணியை விரிய வைக்கும் சொட்டு போட்டு விழித்திரையைப் பார்க்கும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். காய்ச்சல் இல்லாமல் இமை வீங்கிச் சிவப்பது, கண்ணுக்குள் ரத்தம் கோப்பது, ஒரு விழி மட்டும் பெரிதாகத் தெரிவது ஆகியவை பிந்திய அடையாளங்கள்.

வீட்டில் சோதிக்க போன் கேமரா போதும். அறை விளக்கை மங்கலாக்கி, ஒருவர் மடியில் குழந்தையை வைத்து, நீங்கள் மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்று, ஃபிளாஷ் போட்டுப் படம் எடுங்கள். ‘ரெட் ஐ’ நீக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், ஏனென்றால் நமக்கு வேண்டியதே அந்தச் சிவப்புதான். நேராகப் பார்க்கும்போது, வலப்பக்கம், இடப்பக்கம், மேலே பார்க்கும்போது என்று பத்துப் படமாவது எடுங்கள். ஓரத்தில் இருக்கும் கட்டி நேர்ப் பார்வையில் சிக்காது. இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரிச் சிவப்பு வந்தால் சரி. ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை என்றால் படத்தை அழிக்காமல் வைத்துக்கொண்டு அந்த வாரத்திலேயே மருத்துவரிடம் போங்கள்.

ஒரு பொய் எச்சரிக்கையும் உண்டு. குழந்தை மூக்குப் பக்கம் சுமார் 15 பாகை திரும்பிப் பார்க்கும்போது, பார்வை நரம்பு தொடங்கும் வெளிர் வட்டத்தில் வெளிச்சம் பட்டு அந்தக் கண் மட்டும் வெள்ளையாகத் தெரியலாம். அதற்காகச் சமாதானம் ஆகிவிட வேண்டாம். பொய்யா மெய்யா என்பதை மருத்துவர் சொல்லட்டும். படம் சுத்தமாக வந்தது என்பதாலும் கண் நலம் என்று முடிவுகட்ட முடியாது.

வெள்ளைக் கண்மணி எல்லாம் புற்றல்ல. பிறவிக் கண்புரை, கோட்ஸ் நோய் எனப்படும் ரத்தக்குழாய்க் கசிவு, குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் பாதிப்பு, நாய் பூனையிடமிருந்து வரும் டாக்ஸோகாரா புழுத் தொற்று எல்லாமே இப்படிக் காட்டும். இதில்தான் பெரிய ஆபத்து. கண்புரை என்று நினைத்து அறுவை செய்து, உள்ளே கட்டி இருந்துவிட்டால் புற்றணுக்கள் அந்த வெட்டு வழியாகவே வெளியேறும். ஆகவே விழித்திரை தெரியாத குழந்தைக் கண்ணில் எந்த அறுவைக்கும் முன்னால் ‘பி ஸ்கேன் எடுத்தாயிற்றா?’ என்று கேளுங்கள். கண்ணுக்கான இந்த அல்ட்ராசவுண்ட் சில நிமிட வேலை. கட்டிக்குள் சுண்ணாம்புப் படிவு பளிச்சென்று தெரிந்தால் ரெட்டினோபிளாஸ்டோமா என்பது ஏறக்குறைய உறுதி.

அடுத்தது மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் முழுப் பரிசோதனை. வெறும் வயிறு கட்டாயம்: திட உணவும் பசும்பாலும் 6 மணி நேரத்துக்கு முன், தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன், தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும். பாட்டி பாசத்தில் கொடுத்த ஒரு பிஸ்கட்டால் அன்றைய பரிசோதனை ரத்தாவது அடிக்கடி நடக்கிறது. சளி, காய்ச்சல் இருந்தால் முன்கூட்டியே போனில் சொல்லுங்கள். பார்வை நரம்புக்குள்ளும் மூளையிலும் பரவியிருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். சி.டி. ஸ்கேனை முடிந்தவரை தவிர்ப்பது நல்லது. மரபணுப் பழுதோடு பிறந்த பரம்பரை வகைக் குழந்தைகளுக்குக் கதிர்வீச்சே பின்னாளில் வேறு புற்றுக்கு விதையாகலாம்.

இத்தனைக்கும் நடுவில் பயாப்சி என்ற சொல்லே வராது. கண்ணால் பார்த்தது, பி ஸ்கேன், எம்.ஆர்.ஐ. மூன்றையும் வைத்தே சிகிச்சையைத் தொடங்குவார்கள். ‘துண்டு எடுத்துப் பார்க்காமலே கீமோ கொடுக்கிறார்களே’ என்று வேறு இடம் தேடி ஓடாதீர்கள். இந்தப் புற்றில் அதுதான் முறை.

கட்டியின் அளவையும் சிதறலையும் வைத்து கண்ணை ஏ முதல் இ வரை ஐந்து படியாகப் பிரிப்பார்கள். 3 மில்லிமீட்டருக்கு உட்பட்டு, பார்வையின் மையத்திலிருந்து தள்ளி இருப்பது ஏ. லேசரோ, உறையவைக்கும் கிரையோவோ மட்டும் போதும். அதைவிடப் பெரியது பி. துகள்களாகச் சிதறத் தொடங்கியிருந்தால் சி, கண் முழுக்கச் சிதறியிருந்தால் டி. கண் பாதிக்கு மேல் நிரம்பியோ, கண் அழுத்தம் ஏறியோ, உள்ளே ரத்தம் கோத்தோ இருந்தால் இ. அறிக்கையில் இந்த எழுத்து என்ன என்று இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து எந்த மருத்துவரைப் பார்த்தாலும் முதல் கேள்வி அதுதான்.

பி முதல் டி வரை பொதுவாக வின்கிரிஸ்டின், எட்டோபோசைட், கார்போபிளாட்டின் மூன்றும் சேர்ந்த கீமோ. 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு சுற்று, வழக்கமாக 6 சுற்று. 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எடையைக் கொண்டே அளவு கணக்கிடுவதால் ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் எடை பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். கீமோவால் கட்டி சுருங்கும், ஆனால் கீமோ மட்டும் அதை முடிக்காது. சுருங்கிய கட்டியை லேசராலோ கிரையோவாலோ சுட்டுத் தீர்க்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு சுற்றிலும் மயக்கப் பரிசோதனை. ‘கட்டி சுருங்கிவிட்டது’ என்று கேட்டதும் இரண்டாவது சுற்றோடு ஊர் திரும்பிவிடும் குடும்பங்களின் குழந்தைகள்தான் ஆறு மாதத்தில் பிதுங்கிய கண்ணோடு வருகிறார்கள்.

தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, கண்ணுக்குப் போகும் தமனியிலேயே மெல்ஃபாலன் மருந்தைச் செலுத்தும் முறையும் இப்போது இருக்கிறது. ஒரு கண்ணில் மட்டும் இருக்கும் சி, டி கட்டிகளுக்கு நல்ல பலன், உடம்பு முழுக்கப் பரவும் பக்கவிளைவு குறைவு. ஆனால் ரத்தக்குழாய்ச் சிகிச்சைக்கான கேத் லேப் வசதியும் பழகிய கையும் வேண்டும். கண்ணின் ஜெல்லில் மிதக்கும் துகள்களுக்கு 20 முதல் 30 மைக்ரோகிராம் மெல்ஃபாலனைக் கண்ணுக்குள்ளேயே ஊசியாகப் போடுவதும் உண்டு. ‘ஊசியே கூடாது என்றீர்களே?’ என்றால், இது வேறு ஊசி. கட்டி இல்லாத இடம் பார்த்து, கண் அழுத்தத்தைக் குறைத்துவிட்டு, ஊசி வெளியே வரும்போது அந்தத் துளையையே உறையவைத்து, வழியில் ஒட்டிய அணுவையும் கொன்றுவிட்டுத்தான் எடுப்பார்கள்.

கண்ணை எடுக்க வேண்டும் என்று சொன்னால்

இ படியில், அதுவும் ஒரு கண்ணில் மட்டும் என்றால், கண்ணை எடுப்பதுதான் சரியான சிகிச்சை. பெற்றோர் மறுப்பதும் இந்த இடத்தில்தான். யோசிக்க வேண்டியது ஒன்றே: அந்தக் கண்ணுக்கு ஏற்கெனவே பார்வை இல்லை, உள்ளே இருப்பது பார்வை நரம்பு வழியாக மூளைக்குப் போகும் புற்று. கண்ணுக்குள் இருக்கும்போதே பிடித்தால் 100 குழந்தைகளில் 95க்கு மேல் பிழைக்கும். வெளியே பரவிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். இன்னொரு மருத்துவரின் கருத்து கேட்பதில் தவறில்லை, ஒரு வாரத்துக்குள் கேட்டுவிடுங்கள். சொட்டுமருந்து, மூலிகைச் சாறு, தாய்ப்பால் பீய்ச்சுவது என்று ஒரு மாதம் கழித்தால் இ என்பது கண்ணைத் தாண்டிப் போய்விடும்.

அறுவையில் விழியோடு பார்வை நரம்பையும் முடிந்தவரை நீளமாக, 15 மில்லிமீட்டராவது வரும்படி வெட்டி எடுக்க முயல்வார்கள். குழியில் ஓர் உருண்டையை வைத்துத் தசைகளை இணைத்துவிட்டால் பின்னால் பொருத்தும் செயற்கைக் கண் கொஞ்சம் அசையும். இமைக்குள் வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் கவசம் வீட்டில் கழன்று விழுந்தால் பயப்படாதீர்கள். கொதித்து ஆறிய நீரில் கழுவி வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய் மறுபடி போட்டுக்கொள்ளலாம். பல நாள் விட்டுவிட்டால் குழி சுருங்கி, செயற்கைக் கண் உட்காராது. 6 முதல் 8 வாரத்தில் அச்செடுத்து செயற்கைக் கண் செய்வார்கள். கடையில் கிடைக்கும் ரெடிமேட் கண் வேண்டாம். மற்றக் கண்ணின் நிறத்துக்கும் குழியின் வடிவத்துக்கும் ஏற்ப வார்த்ததே பொருந்தும். குழந்தை வளர வளர மாற்ற வேண்டும், வருடம் ஒருமுறை பாலிஷ் போட வேண்டும். தினமும் கழற்றிக் கழுவுவது நல்லதல்ல, கை படப்பட நீர் வடியும்.

எடுத்த கண்ணை நுண்நோக்கியில் பார்த்த அறிக்கை இரண்டு வாரத்துக்குள் கையில் இருக்க வேண்டும். அதில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். பார்வை நரம்பில் புற்று எதுவரை போயிருக்கிறது, வெட்டிய முனை சுத்தமா என்பது ஒன்று. கோராய்டு என்ற ரத்தக்குழாய்ப் படலத்தில் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பரவியிருக்கிறதா என்பது இன்னொன்று. இவற்றில் ஒன்று பாதகமாக இருந்தாலும் கண்ணை எடுத்த பிறகும் 6 சுற்றுக் கீமோ வரலாம். ‘கண்ணையே எடுத்தாயிற்று, இனி எதற்கு மருந்து’ என்ற கேள்விக்குப் பதில் அந்த அறிக்கையில்தான் இருக்கிறது.

கீமோ நாட்களில் வீட்டில் வெப்பமானி இல்லாமல் இருக்கக் கூடாது. சுற்று முடிந்த 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணுக்கள் மிகக் குறையும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல், இரவானாலும் கிளம்புங்கள். காய்ச்சலை மருந்தால் அடக்கிவிட்டால் ரத்தத்தில் கிருமி ஏறுவது தெரியாமல் போகும். வின்கிரிஸ்டினால் மலச்சிக்கல் வரும், ரத்தக்குழாயை விட்டு ஊசி மருந்து வெளியே கசிந்தால் தோல் வெந்துபோகும். ஊசி ஏறும்போது குழந்தை வீறிட்டால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். கார்போபிளாட்டின் காதைப் பாதிக்கலாம், இடையிடையே கேட்புச் சோதனை வேண்டும். தட்டம்மை போன்ற உயிர்க்கிருமித் தடுப்பூசிகளை மருத்துவர் சொல்லும்வரை தள்ளிவையுங்கள்.

மரபு விஷயம். 13ஆம் குரோமோசோமில் உள்ள ஆர்பி1 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் கட்டி வரும். இந்த ‘இரண்டு அடி’ கருத்தை 1971இல் ஆல்ஃபிரட் நட்சன் இந்தப் புற்றை வைத்தே சொன்னார். ஒரு பழுது பிறப்பிலேயே எல்லா அணுவிலும் இருந்தால் அது பரம்பரை வகை. இரண்டு கண்ணிலும் வந்த எல்லாக் குழந்தைகளும் இதில் சேரும், ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களில் சுமார் 15 சதவீதம் சேரும். குடும்பத்தில் முதல்முறையாக இந்தக் குழந்தைக்கே பழுது தோன்றியிருப்பதுதான் அதிகம். ஆகவே ‘யார் வம்சத்தில்’ என்ற சண்டை வேண்டாம். ஆனால் அண்ணன், தம்பி, தங்கை எல்லோருக்கும் சொட்டுப் போட்டு விழித்திரை பார்க்க வேண்டும், அடுத்த குழந்தைக்குப் பிறந்த முதல் வாரத்திலேயே. பழுது உள்ளவர் வளர்ந்து பெற்றோரானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பரம்பரை வகைக் குழந்தைக்கு வளரும் வயதில் கால் எலும்பில் தீராத வலியோ வீக்கமோ வந்தால் அடிபட்டது என்று விடாதீர்கள், எலும்புப் புற்றுக்கு அவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

தமிழ்நாட்டில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் இதற்கான மருத்துவர்கள் இருக்கிறார்கள். முதல்வரின் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே காப்பீட்டு மேசையில் காட்டுங்கள். சிகிச்சை தொடங்கிய பிறகு ஒப்புதல் வாங்குவது சிரமம்.

திரும்பத் திரும்ப வரும் இமைக்கட்டி

இனி கதை தலைகீழ். இங்கே துண்டு எடுத்தே தீர வேண்டும்.

இமையில் வலியில்லாமல் பட்டாணிபோல் உருளும் கட்டி சலேசியன். இமையின் எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக்கொள்வதால் வருவது. சுத்தமான துணியை வெந்நீரில் பிழிந்து, பொறுக்கும் சூட்டில் 10 நிமிடம், ஒரு நாளைக்கு நான்கு முறை, நாலு வாரம் ஒத்தடம் கொடுத்து இமையை மெதுவாக நீவிவிட்டால் பெரும்பாலும் கரையும். கரையாவிட்டால் இமையின் உள்பக்கம் கீறிச் சுரண்டி எடுப்பார்கள்.

அதே எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றும் ஆரம்பத்தில் அச்சு அசலாக இப்படியே இருக்கும். செபேசியஸ் புற்று. மேல்நாட்டில் இமைப் புற்றில் பெரும்பங்கு கீழிமையில் வரும் பேசல் செல் வகை. செபேசியஸ் அங்கே அபூர்வம். இந்தியாவில் அப்படியல்ல, இமைப் புற்றுகளில் அடிக்கடி பார்ப்பவற்றில் இது ஒன்று. அதனால் வெளிநாட்டுப் பக்கங்களைப் படித்து ‘இது அபூர்வம்’ என்று ஆறுதல் அடைய வேண்டாம். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு மேலிமையில் கட்டி, மஞ்சள் சாயல், அந்த இடத்தில் இமைமுடி கொட்டியிருப்பது, எடுத்த இடத்திலேயே மறுபடி வருவது, அல்லது ஒரு கண் மட்டும் மாதக்கணக்கில் சிவந்து பீளை தள்ளி எந்தச் சொட்டுக்கும் அடங்காமல் இருப்பது எல்லாம் இதன் முகங்கள்.

விதி எளிது. பெரியவரின் சலேசியன் இரண்டாம் முறை வந்தால், சுரண்டியதை 10 சதவீத ஃபார்மலினில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சுரண்டிய சதைத்துகளில் புற்று தப்பிவிடக்கூடும். சந்தேகம் வலுவாக இருந்தால் இமையின் முழுத் தடிமனும் வரும்படி சிறு துண்டு வெட்டுவதே நம்பகமானது. அறிக்கையில் ‘அழற்சி’ என்று வந்தும் கட்டி வளர்ந்தால் மறுபடி எடுங்கள். ஆய்வகப் படிவத்தில் ‘சலேசியன்’ என்று மட்டும் எழுதி அனுப்பாமல் ‘செபேசியஸ் புற்றா எனச் சந்தேகம்’ என்று எழுதச் சொல்லுங்கள், அப்போதுதான் நோயியல் மருத்துவர் அதற்கான சாயங்களைப் போட்டுப் பார்ப்பார்.

உறுதியானால் சுற்றிலும் 4, 5 மில்லிமீட்டர் நல்ல சதையோடு வெட்டி, ஓரம் சுத்தமா என்பதை அறுவை மேசையில் இருக்கும்போதே உறைநிலைச் சோதனையில் பார்ப்பார்கள். இந்தப் புற்று கண்ணை மூடும் மெல்லிய சவ்வில் விட்டுவிட்டுப் பரவும் தன்மை உள்ளது. எனவே கட்டியிலிருந்து தள்ளியும் ஏழெட்டு இடத்தில் சின்னத் துண்டுகள் எடுப்பார்கள். காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழும் நெறிகட்டி இருக்கிறதா என்று நீங்களும் மாதம் ஒருமுறை தடவிப் பாருங்கள். இமையைத் திரும்பக் கட்டுவது பிளாஸ்டிக் சர்ஜரி தெரிந்த கண் மருத்துவரின் வேலை. குழி முழுவதும் பரவிவிட்டால் கண்ணையும் குழியில் உள்ள சதையையும் சேர்த்தே எடுக்க நேரும். முதல் சலேசியனோடு ஆய்வகத்துக்குப் போயிருந்தால் பெரும்பாலும் அந்த நிலை வந்திருக்காது.

பேசல் செல் வகை மெதுவாக வளரும், ஓரம் முத்துப்போல் மினுங்கி நடுவில் புண்ணாகும். வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் மூக்கோரத்தில் வந்தால் உள்ளே ஆழமாகத் தோண்டும், அங்கே தாமதிக்கக் கூடாது.

வெள்ளைவிழியில் வளரும் சதை

வெயிலிலும் புழுதியிலும் வேலை செய்வோருக்கு மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழி மேல் முக்கோணமாக ஏறும் சதை புற்றல்ல. ஆனால் வெள்ளைவிழியும் கருவிழியும் சந்திக்கும் ஓரத்தில் ஜெல்லி போலவோ, வெள்ளைப் பற்று போலவோ மேலெழும்பி, சுற்றிலும் திருகிய ரத்தக்குழாய்கள் ஊட்டிக்கொண்டிருந்தால் அது மேற்பரப்புச் செதிள் செல் கட்டியாக இருக்கலாம். சூரியனின் புற ஊதாக் கதிர் முக்கியக் காரணம். இளவயதில் வந்தால் எச்.ஐ.வி. சோதனை செய்தே ஆக வேண்டும், சிலருக்கு அந்த நோய் இருப்பதையே கண்தான் முதலில் காட்டுகிறது.

சிறியதென்றால் வெட்டி எடுப்பது. சுற்றிலும் 4 மில்லிமீட்டர் சேர்த்து, கட்டியைக் கருவியால் பிடிக்காமல், ஓரச் சதையைப் பிடித்தே எடுப்பார்கள். பிடித்து நசுக்கினால் அணுக்கள் சிந்தும். பிறகு ஓரங்களை இருமுறை உறையவைத்து உருகவிடுவார்கள். ‘சதை’ என்று எடுத்ததையும் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

சொட்டுமருந்தாலேயே கரைக்கவும் முடியும். 1 சதவீத ஃபுளூரோயுராசில் தினம் 4 முறை ஒரு வாரம் போட்டு மூன்று வாரம் நிறுத்துவது ஒரு சுற்று. 0.04 சதவீத மைட்டோமைசின் தினம் 4 முறை, ஒரு வாரம் போட்டு ஒரு வாரம் நிறுத்துவது. இன்டர்ஃபெரான் ஒரு மில்லிலிட்டருக்கு 10 லட்சம் அலகு, தினம் 4 முறை, கட்டி மறையும் வரை சில மாதம். இன்டர்ஃபெரான் உறுத்தாது, ஆனால் விலையும் நாளும் அதிகம். மற்ற இரண்டும் எரிச்சல் தரும். அவை இரண்டும் கீமோ மருந்துகள் என்பதை மறக்க வேண்டாம்: ஃபிரிட்ஜில் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள், கர்ப்பிணிகள் போட்டுவிடக் கூடாது, வழிந்ததைத் துடைத்த பஞ்சைத் தனிப்பையில் கட்டிப் போடுங்கள். போடுவதற்கு முன் கீழிமைத் தோலில் வாஸ்லின் தடவினால் தோல் புண்ணாகாது. போட்டதும் மூக்கோரக் கண்ணீர்த் துளையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். ‘நிறுத்தும் வாரம்’ மருந்தின் ஒரு பகுதிதான். சீக்கிரம் குணமாகட்டும் என்று விடாமல் போட்டால் கருவிழியில் புண் வரும்.

பெரியவர்களின் கண்ணுக்குள்

இணையத்தில் கண் புற்று என்று தேடினால் முதலில் வருவது நிறமி அணுக்களில் தோன்றும் கோராய்டு மெலனோமா. வெளுத்த தோல்காரர்களின் நோய் என்றே சொல்லலாம், நம்மிடையே குறைவு. கண்ணில் மின்னல் வெட்டுவது, திரை விழுந்தது போன்ற மறைப்பு, அல்லது எதுவுமே இல்லாமல் வழக்கமான விழித்திரைப் பரிசோதனையில் பழுப்புக் கட்டி தெரிவது. மச்சமா மெலனோமாவா என்று பிரிக்க தடிமன் 2 மில்லிமீட்டரைத் தாண்டியதா, மேலே ஆரஞ்சுத் துகள் இருக்கிறதா, அடியில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நடுத்தர அளவுக் கட்டிக்குக் கதிர்வீச்சுத் தகட்டை விழியின் வெளிச்சுவரில் தைத்து, சில நாள் வைத்து எடுப்பார்கள். கண்ணை எடுப்பதற்கும் தகடு வைப்பதற்கும் ஆயுளில் வித்தியாசம் இல்லை என்பதை அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2001இல் காட்டியது. ருத்தீனியம்-106 தகடு 5, 6 மில்லிமீட்டர் உயரம்வரை உள்ள கட்டிக்குப் போதும். பாபா அணு ஆராய்ச்சி மையம் இதை இங்கேயே செய்து கொடுக்கிறது. மெலனோமா பரவினால் பெரும்பாலும் ஈரலுக்கு, அதனால் கண் சரியான பிறகும் 6 மாதத்துக்கு ஒருமுறை ஈரல் ஸ்கேன்.

உண்மையில் பெரியவர்களின் கண்ணுக்குள் அதிகம் வருவது வேறு உறுப்பிலிருந்து வந்த புற்று: பெண்களுக்கு மார்பகம், ஆண்களுக்கு நுரையீரல். மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை எடுத்தவருக்குப் பார்வை திடீரென மங்கினால் கண்ணாடி மாற்றும் முன் விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆரஞ்சு நிறத்தில் தெரியும் ரத்தக்குழாய்க் கட்டி தீங்கற்றது. நீர் கோத்தால் மட்டும் ஒளிமருந்துச் சிகிச்சை.

கண் முன்தள்ளினால்

பெரியவருக்கு விழி பிதுங்கினால் முதலில் தைராய்டு ரத்தச் சோதனை, அதுதான் மிகப் பொதுவான காரணம். வருடக்கணக்கில் மெதுவாக, நேராக முன்னால் தள்ளினால் ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம், தொந்தரவு இல்லையென்றால் விட்டுவைக்கலாம். இமையைத் தாழ்த்திப் பார்க்கும்போது வெள்ளைவிழியில் வெளிர் ரோஜா நிறச் சதைப்பற்று தெரிந்தால் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றாக இருக்கலாம். பயாப்சி எடுத்து, உடம்பில் வேறெங்கும் இல்லையென்றால் சுமார் 24 கிரே கதிர்வீச்சிலேயே பெரும்பாலும் அடங்கும்.

குழந்தைக்கு நாள் கணக்கில் பிதுங்கினால் அவசரம். ராப்டோமயோசார்கோமா என்ற தசைப் புற்று ஒரு வாரத்தில் கண்ணை வெளியே தள்ளிவிடும். அடிபட்டதால் வந்த வீக்கம் என்று எண்ணி ஆன்டிபயாட்டிக்கில் பத்து நாள் போய்விடக் கூடாது. ஸ்கேன், சில நாளில் பயாப்சி, பிறகு கீமோவும் கதிர்வீச்சும். அதோடு ஒரு முழு ரத்த எண்ணிக்கை அவசியம். ரத்தப் புற்றும் சில சமயம் கண்குழியில்தான் முதலில் தலைகாட்டும்.

கைக்குழந்தையின் இமையில் சிவந்த, அழும்போது உப்பும் கட்டி முதல் வருடம் வளர்ந்து, பிறகு தானே சுருங்கும். ஆனால் இமையைக் கீழே இழுத்து கண்மணியை மூடினால் அந்தக் கண் பார்க்கப் பழகாமலே போய்விடும், காத்திருக்க முடியாது. ப்ரோப்ரனோலால் மருந்து, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2 மில்லிகிராம், குறைவாகத் தொடங்கி ஏற்றுவார்கள். வயிறு நிறைந்தபோதே கொடுங்கள். வாந்தி எடுத்து, பால் குடிக்காத நாளில் அந்த வேளையை விட்டுவிட்டு மருத்துவரைக் கேளுங்கள், இல்லாவிட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கும். மூச்சிரைப்பு உள்ள குழந்தை என்றால் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

புருவ ஓரத்தில் பிறப்பிலிருந்தே இருக்கும் உருண்டை டெர்மாய்டு. உள்ளே இருக்கும் எண்ணெயும் முடியும் சிந்தினால் கடும் அழற்சி வருமென்பதால் உடையாமல் முழுதாக எடுக்க வேண்டும். அவசரமில்லை, ஆனால் குழந்தை விழுந்து அதில் அடிபட்டு உள்ளே கிழிவதற்கு முன், நடக்கத் தொடங்கும் பருவத்திலேயே எடுத்துவிடுவார்கள். மூக்குப் பக்கம் இருந்தால் முதலில் ஸ்கேன்: மூளையோடு தொடர்புள்ள வீக்கமாக இருந்து, டெர்மாய்டு என்று நினைத்து அதைக் கீறிவிடக் கூடாது.